நிலைக்குள் வைத்த காசு

காளீஸ்வரிக்குக் குடோனில் 'மோப்பக்காளி' என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் பக்கத்தில் நிற்கிற ஆளைக் கை காட்டுவார்கள்.

காரைக்குடிப் பக்கம் எங்கே ஒரு பழைய வீடு இடிபட்டாலும் தூணும் கதவும் வாசல் நிலையும் லாரியேறி முருகப்பன் குடோனில் வந்து இறங்கும். இறங்கியதும் காளீஸ்வரி குறடும் கையுமாக வருவாள். நகத்தால் ஒரு சுரண்டல், மூக்கை ஒட்டி வைத்து ஒரு மோப்பு. "இது பர்மாத் தேக்கு. இது நம்மூருத் தேக்கு. இது தேக்கே இல்ல, வேங்கையில சாயம் அடிச்சிருக்கான். ஏமாந்துட்டீக மொதலாளி." அவ்வளவுதான். முருகப்பன் லாரிக்காரனை நோக்கித் திரும்புவார், லாரிக்காரன் வானத்தைப் பார்ப்பான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கணக்கு வராது, ஆணி வரும். பத்தொன்பது வருஷமாக அவள் வேலையே ஆணி பிடுங்குவதுதான். மாவிலைத் தோரணத்துக்கு அடித்தது, காலண்டருக்கு அடித்தது, லாடம் அடித்தது, எவனோ கோபத்தில் அடித்தது என்று ஒரு நிலையில் முப்பது ஆணி இருக்கும். அத்தனையையும் மரம் சிராய்க்காமல் பிடுங்கி, அந்தந்த நிலைக்கென்று ஒரு டப்பாவில் போட்டுக் கட்டி வைப்பாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தத் துருப்பிடித்த ஆணி மேல் ஏனோ அப்படி ஒரு ஆசை.

வீட்டில் பத்தாவது படிக்கிற மகள் அபி. புருஷன் திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. குடோன் வேலை நின்றால் அடுப்பு நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதன் மேல்தான் வந்து விடிந்தது.

அந்த வருஷம், அதாவது 2024-ல், ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஓட்டலுக்கு ஆறு வாசல் நிலை வேண்டும் என்று ஆர்டர் வந்தது. முருகப்பனிடம் நல்ல பழைய நிலை இரண்டுதான் இருந்தது. மிச்சம் நாலையும் ஆசாரி உடையப்பன் புதிதாகச் செய்தார். மரம் புதுப் பர்மாத் தேக்கு. போன வருஷம் கப்பலில் வந்த பலகையும் கட்டையும். கடுக்காய்த் தண்ணீரில் துரு ஊற வைத்து அதை மேலே பூசினார்கள், சுண்ணாம்பைத் தேய்த்தார்கள், அடுப்புக்கரியை இழைத்தார்கள். ஒரே மாதத்தில் நாலு நிலைக்கும் நூறு வயசாகிவிட்டது. அதோடு விட்டார்களா? பழைய ஆணியாகப் பொறுக்கி அதில் அடித்து, பிடுங்கச் சொல்லிக் காளீஸ்வரியிடம் அனுப்பினார்கள். முதல் ஆணி பல்லுக்குச்சி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஓட்டைக்குள் துரு இல்லை. அவள் மூக்கைக் கூடக் கொண்டுபோகவில்லை.

"மொதலாளி, நேத்து அடிச்ச ஆணியைப் பிடுங்கவா எனக்குச் சம்பளம் குடுக்குறீக?"

முருகப்பன் அவளைத் தனியே கூப்பிட்டு, தடை என்றால் என்னவென்று அப்போதுதான் விளக்கினார்.

பர்மாவில் 2021-ல் ராணுவம் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டு, ஏன் என்று கேட்டுத் தெருவில் இறங்கிய ஜனங்களைச் சுட்டது. மேல்நாடுகள் சண்டைக்குப் போகவில்லை. ராணுவத்தின் மடியில் காசு விழுகிற வழிகளாகப் பார்த்து அடைத்தார்கள். அதில் ஒரு வழி தேக்கு. அங்கே தேக்கு விற்ற காசு ராணுவத்தின் கைக்குத்தான் போகிறது, ஆகவே அந்தத் தேக்கு எங்கள் எல்லைக்குள் வரக்கூடாது என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை போட்டன. நம் நாட்டில் அந்தத் தடை கிடையாது. வாங்கலாம், விற்கலாம், கட்டில் செய்து காலை நீட்டிப் படுக்கலாம். ஆனால் ஐரோப்பாவுக்கு அனுப்புவதென்றால் அது தாத்தா காலத்து வீட்டிலிருந்து எடுத்த மரமாக இருக்க வேண்டும்.

"கொண்டுபோய் வெட்டிப் பாத்தா பர்மாத் தேக்குன்னுதான் சொல்லுவான். எப்ப வெட்டுனதுன்னு அவ்வளவு லேசுல சொல்ல முடியாது," என்றார் முருகப்பன். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வாங்குற கம்பெனி சார்பா ஒரு பொண்ணு பாக்க வருது. மரத்தைப் பாத்துப் பிரிக்கிறது யாருன்னு கேக்கும். நீதான்னு எழுதிக் குடுத்திருக்கேன். ஆறும் பழசுன்னு ஒரு வார்த்தை சொல்லி ஒரு கையெழுத்து. நாலு நிலைதான் காளி."

கோட்டு சூட்டு போட்டவர்கள் குளிர் அறையில் உட்கார்ந்து போட்ட தடை, ஏழு கடல் தாண்டி வந்து, கடைசியில் காளீஸ்வரியின் வாயில் நின்றது.

முடியாது என்று அவள் உடனே சொல்லியிருக்கலாம். முருகப்பன் கெட்டவர் இல்லை. அவள் அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது ராத்திரியோடு ராத்திரியாகத் தன் காரை எடுத்து மதுரைக்கு ஓட்டியவர். அவள் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

இதில் அவருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. காளீஸ்வரியின் அம்மா ஒன்பது வயசில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவள். அவளுடைய அக்காவை அங்கே கட்டிக்கொடுத்திருந்ததால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அந்தப் பெரியம்மாவின் மகன் வயிரவன், காளீஸ்வரிக்கு அண்ணன் முறை. இரண்டு பேரும் நேரில் பார்த்ததே கிடையாது. எல்லாம் போனில் அனுப்புகிற குரல்தான். வயிரவனுக்கு வேலை மரம் அறுக்கிற மில்லில். அவள் இங்கே ஆணி பிடுங்குகிறாள், அவன் அங்கே மரம் அறுக்கிறான். "நம்ம குடும்பத்தையே தேக்குலதான் செஞ்சிருக்கான் அந்த ஆண்டவன்," என்று வயிரவன் சிரிப்பான்.

அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து அவன் சிரிக்கவில்லை. பதினெட்டு வயசானவனெல்லாம் பட்டாளத்துக்கு வர வேண்டும் என்று அங்கே ராணுவம் உத்தரவு போட்டிருந்தது. வயிரவனின் மகன் மருதுவுக்குப் பத்தொன்பது.

நாலு நிலையின் கதையைக் காளீஸ்வரி அவனிடம்தான் சொன்னாள். "தடையை நீங்க என்ன நெனைக்கிறீக அண்ணே? நல்லதா, கெட்டதா?"

பதில் வர ஒரு நாள் ஆனது. "தங்கச்சிம்மா, தடை போட்ட பிறகு மில்லுல பாதி ஆளை நிறுத்திட்டாங்க. எனக்கு வாரத்துல மூணு நாளுதான் வேலை. அந்த மூணு நாள் மரமும் எங்கேயோ சுத்திச் சுத்தி விக்கிறதாலதான் எனக்குச் சோறு. அதே காசுலதான் அவங்களுக்குத் துப்பாக்கி. என் சோத்தைத் தனியா, அவங்க துப்பாக்கியைத் தனியா பிரிச்சு எடுக்கற கணக்கு எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

கணக்கு வராதவளிடம் போய்க் கேட்டான் பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாளாக அவன் குரல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் காளீஸ்வரி கடைசியாக ஒருமுறை நிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புதுசு நாலில் முதலாவதில், மேல்கட்டையும் காலும் சேருகிற மூலையில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஆப்பைக் குறடால் அசைத்து எடுத்தாள். உள்ளே குழி. குழியிலிருந்து மஞ்சள் நூல் சுற்றிய காசு ஒன்று அவள் கையில் விழுந்தது. அஞ்சு ரூபாய். திருப்பிப் பார்த்தாள். 2023.

நேராக உடையப்பனிடம் போனாள். அவர் உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது என்ன?"

"காசு."

"அது எனக்கும் தெரியுது. நூறு வருசத்து நிலைக்குள்ள போன வருசத்துக் காசு எப்புடி வந்துச்சு?"

உடையப்பன் உளியைக் கீழே வைத்தார். "நிலை கூட்டுனா பொருத்துக்குள்ள காசு வைக்கணும்ல. எங்கப்பா வச்சாரு. நானும் வைக்கிறேன்."

"அண்ணே, இது கள்ள நிலைண்ணே!"

"கள்ள நிலைன்னா? நாளைக்கு அதுக்குள்ள மனுசன் போவானா மாட்டானா? காசு வைக்காம கூட்டி விட்டு, எவன் தலையிலயாச்சும் விழுந்தா யாருக்குப் பாவம்?"

"வெளிநாட்டு ஓட்டல்ணே அது."

"ஓட்டலுன்னாலும் மனுசன்தானே படுக்குறான்? மாடா படுக்குது?"

"அப்ப கடுக்காத் தண்ணி ஊத்தி ஊரை ஏமாத்துனது பாவமில்லையா?"

"அது மொதலாளி பாவம். இது ஏம் பாவம். ரெண்டையும் கொழப்பாத."

காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பழைய காசாப் பாத்தாச்சும் வச்சிருக்கலாம்லண்ணே?"

"பழைய காசு செல்லாதுல்ல? செல்லாத காசைச் சாமிக்கு வைக்கலாமா?"

நாலிலும் வைத்திருந்தார். மற்ற மூன்றிலும் பசை இறுகிவிட்டது, உடைக்காமல் எடுக்க முடியாது. காளீஸ்வரி முதல் நிலையில் ஆப்பைத் திரும்ப அடித்தாள். நாலு நிலையின் மூலையிலும் மஞ்சள் தெரியாமல் கரியைத் தேய்த்துவிட்டாள். கையில் இருந்த காசை முந்தானையில் முடிந்தாள். ஏன் முடிந்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே தெரியாது. ஒளிப்பதா, வைத்திருப்பதா? இரண்டுக்கும் முந்தானை ஒன்றுதான்.

சாப்பாட்டு நேரத்தில் போன் நடுங்கியது. வயிரவன். பத்தொன்பது நொடிக் குரல்.

தூக்குவாளியைத் திறக்காமல், தூண்கள் அடுக்கிய மூலைக்குப் போனாள். போனைக் காதில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"தங்கச்சிம்மா, மருதுவைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்குச் சோறு கொண்டாந்தவனை மில்லு வாசல்ல வச்சே பிடிச்சாங்க. பதினோரு பசங்க. மரம் ஏத்த வந்த லாரியிலதான் ஏத்துனாங்க, பலகை மேலயே உக்கார வச்சு. அவனுக்கு லாரி ஏறுனா வாந்தி வரும்மா. யார்கிட்ட சொல்றது, அவனுக்கு வாந்தி வரும்னு."

அவ்வளவுதான். மறுபடி போட்டுக் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்க முடியவில்லை. அவள் சாய்ந்திருந்தது ஏதோ ஒரு தேக்குத் தூண். சட்டென்று விலகி நின்றாள்.

மூன்று மணிக்குச் சொன்ன மாதிரி, கம்பெனி அனுப்பிய அகிலா வந்துவிட்டாள். கோயம்புத்தூர்ப் பெண், முப்பதுகூட இருக்காது. தோளில் ஒரு பை, கையில் பூதக்கண்ணாடி, கழுத்தில் கேமரா. காளீஸ்வரியைப் பார்த்ததும் "வணக்கம்க்கா" என்றாள். முருகப்பன் இளநீர் வெட்டச் சொன்னார். "வேலை முடியட்டுங்க சார்," என்றாள் அகிலா. அந்த ஒரு சொல்லில் குடோனே மூச்சை அடக்கிக்கொண்டது.

முதலில் பழைய நிலை இரண்டு. அளந்தாள், படம் எடுத்தாள், ஆணி டப்பாவைத் திறந்து பார்த்தாள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் முருகப்பன் நெற்றியைத் துடைத்தார்.

மூன்றாவது, புதுசில் முதலாவது. ஆணி ஓட்டைகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். விரலை விட்டுத் தடவினாள், விரலை முகர்ந்தாள். "இந்த வீடு எந்த ஊருங்க சார்?"

"ஒக்கூர் பக்கம்," என்றார் முருகப்பன், கொஞ்சம் வேகமாக. உடையப்பன் இருமினார். அவர் இருமல் முடிகிறவரை அகிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

நாலாவதில் மேல்மூலைக்கு நேராக நின்றாள். கரி பூசிய இடம். கையைத் தூக்கி ஆப்பின் மேல் விரலால் தட்டினாள். ஒருமுறை, இரண்டுமுறை. காளீஸ்வரி முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். அகிலா கையைத் தட்டித் துடைத்துவிட்டு எழுதிக்கொண்டாள். ஐந்தாவது. ஆறாவது. நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கடுக்காய்த் தண்ணீர் ஜெயித்துவிட்டது.

முருகப்பன் மூச்சை விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "கையெழுத்து மட்டும்தானே பாக்கி? காளி, வா."

மேசையில் தாள் இருந்தது, தமிழில் அடித்தது. அகிலா சொன்னாள்: "அக்கா, படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க. என்னன்னு தெரியாம போட வேண்டாம்."

காளீஸ்வரி எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தாள். கீழ்க்கண்ட ஆறு நிலைகளும் பழைய வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. தடை வந்த பிறகு மியான்மரில் வெட்டிய மரம் இவற்றில் இல்லை. இதை நான் என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் அவள் பெயர், அப்பா பெயரோடு, அச்சில்.

தன் பெயரை அச்சில் கடைசியாக ரேஷன் கார்டில் பார்த்தது.

"இந்தத் தாளு எங்குட்டுப் போகும்?"

"கம்பெனிக்கு. அங்கிருந்து அந்த நாட்டு ஆபீசுக்கு. இதை நம்பித்தான் உள்ள விடுவாங்க."

"நான் போடாட்டி?"

முருகப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். "என்ன காளி, நேரமாகுதுல்ல?"

"கேட்டாத் தப்பாங்கய்யா? சும்மா கேக்குறேன்."

"போடலைன்னா சரக்கு இங்கயே நின்னுரும்," என்றாள் அகிலா.

"நின்னா? அங்க பிடிச்சுட்டுப் போன ஆளை விட்ருவாகளா?"

அகிலாவுக்குக் கேள்வி புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் தாளைப் பார்த்தாள், காளீஸ்வரியைப் பார்த்தாள். ஒரு பொய் சொல்லி நகர்ந்திருக்கலாம். "தெரியலக்கா," என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியல."

காளீஸ்வரி பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். கோட்டின் மேல் வைத்தாள். ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாரியில் அந்தப் பிள்ளை பலகை மேலே உட்கார்ந்திருப்பான். பலகை இங்கே வந்து நிலையாகும். அவன் எங்கே போய் என்னவாவான்? வாயைப் பொத்திக்கொண்டு போயிருப்பானா, ஓரத்தில் இடம் விட்டிருப்பார்களா?

பேனாவை மூடினாள். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். மஞ்சள் நூலோடு காசை எடுத்துத் தாளின் நடுவில் வைத்தாள்.

"இது மூணாவது நிலைக்குள்ள இருந்துச்சு. வருசத்தைப் பாரும்மா. கடைசி மூணுலயும் இருக்கு, ஒடைச்சுத்தான் எடுக்கணும். மொத ரெண்டும் நல்ல நிலை. அதுக்கு வேணா கையெழுத்துப் போடுறேன்."

உடையப்பன் பின்னாலிருந்து, யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலாக, "காசு வைக்காம எப்புடிங்க கூட்டுறது," என்றார்.

அகிலா காசைப் படம் எடுத்துக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுத்தாள். வேறு தாள் அடித்து வந்தது. இரண்டு நிலைக்குக் கையெழுத்து. அகிலாவின் கார் போகிறவரை முருகப்பன் வாசலில் நின்றார். திரும்பி வந்தபோது அவர் கத்துவார் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நாளையிலருந்து நீங்க வர வேணாம்மா," என்றார்.

பத்தொன்பது வருஷமாக 'வா, போ' என்றவர் அன்றைக்குத்தான் 'நீங்க' என்றார். கத்தியிருந்தால்கூட காளீஸ்வரி தாங்கியிருப்பாள். குறடை மேசையில் வைத்தாள். அது அவளுடைய சொந்தக் குறடு என்பது டவுன் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் அபி கேட்டாள்: "ஏம்மா, நீ சொல்லாம இருந்தா அந்த அக்காவுக்குத் தெரிஞ்சே இருக்காதா?"

"தெரிஞ்சிருக்காது."

"லூசாம்மா நீ?"

"ஆமா. போய்ப் படி."

அபி போகவில்லை. சோற்றைப் போட்டு அம்மாவின் முன்னால் தட்டை நகர்த்திவிட்டு, பக்கத்திலேயே புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வயிரவனுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் குடோனைவிடப் பெரிய பயம். மரம் அறுத்துப் பிழைக்கிறவனிடம் போய் உன் மரத்தை நான் நிறுத்திவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூன்று தடவை பேசி மூன்று தடவை அழித்தாள். நாலாவதை அனுப்பினாள். "அண்ணே, நாலு நிலையும் போகல. நாந்தான் சொல்லிட்டேன். ஒங்க வேலைக்கும் சேத்து வெனை வச்சிட்டேனோ என்னமோ. வைய்யிறதுன்னா வைய்யிங்க. மருதுவைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

சனி, ஞாயிறு, திங்கள் போனது. செவ்வாய்க்கிழமை காலையில் உடையப்பன் சைக்கிளில் வந்து அவள் குறடைக் கொடுத்துவிட்டு, தேவகோட்டைப் பக்கம் ஒரு குடோனில் ஆணி பிடுங்க ஆள் கேட்கிறார்கள் என்றார். அந்தக் காசை அவரிடம் நீட்டினாள். "அது ஒரு நிலைக்குன்னு வச்சது, நாந் திருப்பி வாங்கக் கூடாது," என்று மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புகிறபோது போன் நடுங்கியது.

வயிரவன் வையவில்லை. மருதுவைப் பற்றித் தெரியவில்லை என்றான், எந்த முகாம் என்றே யாரும் சொல்லவில்லை என்றான். பின்னால் மில் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு கேள்வி: "அந்த நிலைக்கால் எத்தனை அடி தங்கச்சிம்மா? கனம் எவ்வளவு?"

காளீஸ்வரி அளவைச் சொல்லி அனுப்பினாள்: "ஏழரை அடிண்ணே. ஆறு அங்குலத்துக்கு நாலு."

இந்தமுறை பதில் உடனே வந்தது. "ஏழரையா. ஆறுக்கு நாலு. போன வருசம் அந்த அளவு நிறையப் போச்சு. நானும் மருதுவும் சேர்ந்து அறுத்தோம். அதுவாவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்."

அவள் குறடை மடியில் வைத்துக்கொண்டு போனை வாயருகே கொண்டுபோனாள்.

"அதுதாண்ணே," என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மரத்தைப் பற்றி அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அது. "மோந்து பாத்தேன்ல. எட்டுக் காலும் கோணலே இல்ல. நல்லா அறுத்திருக்கான் எம் மருமகன்."